விடைகள் எஞ்சாத வினாக்கள்

1580ஆம் ஆண்டில் கொச்சியில் ‘கொம்பெசியொனாயரு’ என்னும் தமிழ் நூல் அச்சேறியது. பாவசங்கீர்த்தனத்திற்கு வழிகாட்டும் இந்நூலை ஆக்கியவர் இயேசு சபைத் துறவி ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். இந்திய அச்சு வரலாற்றில் ‘தம்பிரான் வணக்கம்’ (1578) பெற்ற கவனத்தை இது பெற்றதில்லை. ஆயினும் வரலாற்று மாணவர்க்கு இதுவே கடினமான வினாவை எழுப்புகிறது.

1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம், ஒவ்வொரு கத்தோலிக்கரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் பாவங்களைக் குருவிடம் அறிக்கையிட வேண்டும் என விதித்தது. கேட்டதை வெளியிடும் குருவுக்குக் கடுந்தண்டனையையும் அதே விதி வகுத்தது. 1551இல் திரெந்துச் சங்கம், சாவான பாவம் ஒவ்வொன்றையும் அதன் தன்மையை மாற்றும் சூழ்நிலையோடு கூற வேண்டும் என்று வலியுறுத்தியது. ஆகவே குருவுக்குப் பொதுவான வருத்தமொழி மட்டும் போதாது. நுணுக்கங்களும் விளங்க வேண்டும்.

முத்துக்குளித்துறையில் இதுவே இடராயிற்று. 1530களில் திருமுழுக்குப் பெற்ற பரதவரிடையே பணியாற்ற வந்த குருக்கள் தமிழறியாதவர்கள். துபாஷியின் வழியே பாவத்தைக் கூறுவதாயின், இருவருக்குள் அடங்க வேண்டிய மறைபொருளில் மூன்றாமவர் நுழைகிறார். அவரும் பெரும்பாலும் அவ்வூராரே. 1540களின் இறுதியில் ஹென்றிக்கஸ் தமிழ் கற்று இலக்கணமும் வரைந்ததற்குப் பின்னே இந்தத் தேவையும் நின்றது.

இவ்வகை நூல்கள் பத்துக் கட்டளைகளின் வரிசையில் வினாக்களைத் தொடுப்பன. அவ்வினாக்களைக் கண்டவுடன் அக்காலச் சமூகத்தின் நடத்தையையே கண்டுவிட்டதாக ஆய்வாளர் மகிழ்வதுண்டு. இங்கே எச்சரிக்கை தேவை. வினா, குரு எதை ஐயுற்றார் என்பதற்கே சான்று. மக்கள் எதைச் செய்தனர் என்பதற்கன்று. பல வினாக்கள் ஐரோப்பிய வாய்பாட்டினின்று வந்தவையாகவும் இருக்கலாம். விடைகளோ இரகசிய முத்திரையின்கீழ் மறைந்தன. எந்த ஆவணக்காப்பகமும் அவற்றை நமக்குத் தராது. தராதிருப்பதே அச்சடங்கின் அறம்.

சொல்லின் வரலாறும் நோக்கத்தக்கது. சங்கீர்த்தனம் என்பது உரக்கப் புகழ்ந்து பாடுதலைக் குறிக்கும் வடசொல். காதோடு காதாகச் சொல்வதற்கு அச்சொல்லே தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் நிலைபெற்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் 1973இல் இச்சடங்குமுறை திருத்தப்பட்டது. இன்று ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்பதே தமிழ்த் திருச்சபையின் சொல். குறளில் ஓர் அதிகாரத்தின் பெயரில் இடம்பெறும் சொல், இங்கே முறிந்த உறவைச் சீர்செய்தலைச் சுட்டுகிறது. அழுத்தம் பாவத்தை எண்ணுவதிலிருந்து உறவுக்கு இடம்பெயர்ந்திருக்கிறது.

வினாக்கள் மட்டுமே எஞ்சிய ஓர் உரையாடலை வரலாறாக எழுதுகையில், விடையளித்தவரின் குரலை நாமே புனைந்துவிடாதிருப்பது எங்ஙனம்? இத்துறையில் உழைப்போர் தம் கருத்துகளைப் பகிர வேண்டுகிறேன்.