பாவு கட்டிய பின் கேட்கும் கருத்து: பத்தமடையை முன்வைத்து

திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் பாய்த்தறி தரையோடு தரையாகக் கிடப்பது. வீட்டின் முன்னறையிலோ திண்ணையை ஒட்டிய கூடத்திலோ இரு முனையிலும் கம்புகளைக் கட்டி, நடுவே பாவு நூலை இழுத்து நிறுத்தியிருப்பார்கள். நெய்கிற பெண் கிழித்து ஊறவைத்த கோரையை ஒவ்வொன்றாகக் குறுக்கே நுழைத்து, அச்சால் நெருக்கி நெருக்கிச் சேர்ப்பார். மணப்பாய் என்றால் மணமக்கள் பெயரும் அதில் ஏறும். பாயின் அகலமும் இழைக் கணக்கும் பாவு கட்டும்போதே முடிவாகிவிடும். கட்டிய பிறகு மாற்றக்கூடியவை கோரையின் நிறமும் கரையின் வேலைப்பாடும் மட்டுமே. அப்போது வந்து, இன்னும் நாலு விரல் அகலம் வேண்டும் என்று ஒருவர் சொன்னால், சொன்னது எவ்வளவு நியாயமானாலும் பாய் அகலமாகாது.

நம் நகர்ப்புற உள்ளாட்சிகள் வரி, கட்டடம், குப்பை, நிலப் பயன்பாடு பற்றிய விதிகளுக்கு மக்களின் ‘ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும்’ கேட்பது பெரும்பாலும் இப்படிப் பாவு கட்டிய பிறகுதான். கருத்துச் சொல்லும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. அந்தக் கருத்து கேட்கப்படும் தருணமும், சொன்ன கருத்துக்குப் பதில் சொல்லும் கடமையும் சரியாக அமையவில்லை என்பதே என் வாதம். இந்தக் குறை மாநகரைவிடப் பத்தமடை போன்ற பேரூராட்சிகளில் ஆழமாக உறைக்கிறது. அதனால்தான் இந்த ஊரை எடுத்துக்கொள்கிறேன்.

பேரூராட்சி என்பது ஓர் இடைநிலை. 1992-இல் நிறைவேறிய 73, 74-ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள் ஊரையும் நகரையும் இரண்டு வழிகளில் அனுப்பின. கிராமத்துக்குக் கிராம சபை கிடைத்தது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் அதில் உட்காரலாம், கேட்கலாம், தீர்மானத்தில் பங்குகொள்ளலாம். தமிழ்நாட்டில் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் என்று ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்த கிராம சபை, 2022 முதல் உலகத் தண்ணீர் நாள், உள்ளாட்சி நாள் ஆகியவற்றையும் சேர்த்து ஆறாயிற்று. நகரத்துக்கு அரசியல் சட்டம் தந்தது வார்டு குழு. அதுவும் மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு மட்டுமே கட்டாயம். திருநெல்வேலி மாநகராட்சி அந்த வரம்புக்குள் வரும். பத்தமடை வராது. வாய்க்காலும் வயலும் கோரையும் நெசவுமாக வாழும் ஓர் ஊர், பக்கத்துக் கிராம ஊராட்சி பெற்றிருக்கும் சபையையும் இழந்தது, மாநகரம் பெற்ற குழுவையும் அரசியல் சட்டத்தின் வழியாகப் பெறவில்லை. பேரூராட்சி என்ற தகுதியை உயர்வாகவே எண்ணுகிறோம். பேசும் இடத்தைப் பொறுத்தவரை அது இறக்கம்.

கேரளம் இதை வேறு விதமாகக் கையாண்டது. அங்கே 1994-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம், பெரிய நகரங்களுக்கு வார்டு குழுவையும் ஒரு லட்சத்துக்கு மேற்படாத மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு, கிராம சபையைப் போலவே வாக்காளர் அனைவரும் கூடும் வார்டு சபையையும் வைத்தது. சின்ன நகரம் என்பதைச் சபை கூட்ட வசதியான அளவாகப் பார்த்த சட்டம் அது. தமிழ்நாடு 2022-இல்தான் வார்டு குழு, பகுதி சபை விதிகளை வகுத்தது. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடின. வரவேற்க வேண்டிய அடி இது. ஆனால் பகுதியின் பிரதிநிதி அந்தப் பகுதி மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர் அல்லர், மன்றத்தால் நியமிக்கப்படுபவர். ஒரு விதியின் வரைவு பகுதி சபையின் முன் படிக்கப்பட்ட பிறகே மன்றத்துக்குப் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தெருவிளக்கும் சாக்கடையும் அங்கே பேசப்படலாம். விதி வேறொரு வாசல் வழியாக வரும்.

அந்த வாசலைக் காட்ட 2022-ஆம் ஆண்டின் சொத்து வரித் திருத்தம் நல்ல சான்று. நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தேர்தல் இல்லை, தனி அலுவலர்களே நிர்வகித்தார்கள். 2018-இல் சொத்து வரி உயர்ந்ததும், 2019 நவம்பரில் அந்த உயர்வு நிறுத்திவைக்கப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். மாநிலம் முழுவதற்குமான ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்ததும் அப்போதே. அந்த விதிகளைப் பற்றித் தன் ஊரின் சார்பாகக் கேள்வி கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உறுப்பினர்கூட எந்தப் பேரூராட்சியிலும் இல்லை. 2022 பிப்ரவரி 19-இல் தேர்தல் நடந்தது. மார்ச் 2-இல் உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். ஏப்ரல் 1-ஆம் தேதி சொத்து வரி உயர்வை மாநில அரசு அறிவித்தது. பதினைந்தாவது நிதிக்குழு மானியத்துக்கு வைத்த நிபந்தனையை அரசு காரணமாகச் சொன்னது. பேரூராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு 25 விழுக்காடு, 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று அடுக்கும் வகுக்கப்பட்டது. வணிகக் கட்டடத்துக்கு 100 விழுக்காடு, தொழிற்சாலைக் கட்டடத்துக்கு 75. பதவியேற்று ஒரு மாதமே ஆன மன்றங்கள் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, பத்திரிகையில் வெளியிட்டு, 30 நாளுக்குள் ஆட்சேபணை கேட்டு, பிறகு இறுதித் தீர்மானம் போட வேண்டும் என்பது முறை.

வரியை உயர்த்தியது தவறு என்பது என் வாதமன்று. வரியில்லாத உள்ளாட்சி பிறர் கையை எதிர்பார்த்தே நிற்கும். என் கேள்வி வேறு. விழுக்காடும் அடுக்கும் மேலிருந்து முடிவாகி வந்துவிட்ட பிறகு, பத்தமடையில் ஒருவர் எழுதித் தரும் ஆட்சேபணை எதை மாற்ற முடியும்? மன்றமே மாற்ற முடியாததை மனு மாற்றுமா?

ஒரு கணக்கைப் பார்ப்போம். 560 சதுர அடி வீட்டில் பாய் நெய்யும் குடும்பம், தறிக்காக 80 சதுர அடியில் ஒரு சாய்ப்பு இறக்கினால் வீடு 640 சதுர அடி ஆகும். 25 விழுக்காடு 50 ஆகிவிடும். அந்தச் சாய்ப்பு குடியிருப்பா, தொழிற்கூடமா என்ற கேள்வி எழுந்தால் கணக்கு இன்னும் சிக்கலாகும். வீட்டுத் தறி ஓடும் இடத்தை எப்படி அளப்பது, அதற்குத் தனி வகை வேண்டுமா என்பது அடுக்கை வகுப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்கத் தெரிந்தவர்கள் சென்னையில் இருக்க வாய்ப்பு குறைவு. தறியில் இருக்கிறார்கள். விதியை எழுதுபவருக்குக் கிடைக்காத செய்தியை இந்தப் பெண்கள் வைத்திருக்கிறார்கள். பொதுமக்கள் கருத்து என்பதை நாம் விருப்பு வெறுப்பைக் கேட்பதாகவே புரிந்துகொள்கிறோம். அது முதலில் ஒரு செய்தி சேகரிப்பு.

தாமிரபரணிக் கரைக்கும் இது பொருந்தும். கிழித்த கோரையை ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டுத்தான் மெல்லிய பாய்க்குப் பதப்படுத்துகிறார்கள். கரையை அழகுபடுத்துவது, படித்துறையில் எதைச் செய்யலாம் எதைச் செய்யக்கூடாது என்று வரையறுப்பது போன்ற விதியை நல்லெண்ணத்தோடு எழுதும் அலுவலர், கோரை ஊறும் இடத்தை அறியாமலே அதைத் தடை செய்துவிட முடியும்.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சொல்லியாக வேண்டும். பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கான 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விண்ணப்பம் புவிசார் குறியீட்டு இதழில் வெளியான நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம், மேலும் ஒரு மாதம் நீட்டிப்பும் கேட்கலாம். எதிர்ப்பு வந்தால் அதன் நகல் விண்ணப்பதாரருக்குப் போகும். அவர் எதிருரை தர வேண்டும். இரு தரப்புச் சான்றும் பதிவாகும். கேட்டவர்களை நேரில் விசாரித்த பிறகே பதிவாளர் முடிவு சொல்வார். பாயின் பெயருக்கு இவ்வளவு ஒழுங்கான நடைமுறை உண்டு. அந்தப் பாயை நெய்பவரின் வீட்டு வரிக்கு 30 நாள், ஒரு பத்திரிகை அறிவிப்பு. மனு வந்து சேர்ந்ததா, படித்தார்களா, ஏன் ஏற்கவில்லை என்று அவருக்குச் சொல்ல வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. நகர் ஊரமைப்புச் சட்டம் இதைவிட மேல். 1971-ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி முழுமைத் திட்டத்துக்கு ஆட்சேபணைக் காலம் இரண்டு மாதத்துக்குக் குறையக் கூடாது, நேரில் சொல்ல விரும்புவோருக்கு வாய்ப்பும் தர வேண்டும். ஆக, நம் சட்ட மரபுக்குள்ளேயே நல்ல மாதிரிகள் இருக்கின்றன. அவை எளியவரின் அன்றாடத்தைத் தொடும் விதிகளுக்கு இறங்கி வரவில்லை.

உள்ளாட்சி மரபு என்றதும் உத்திரமேரூர்க் குடவோலையைக் காட்டுவது நம் வழக்கம். திருநெல்வேலிச் சீமையிலேயே அதற்கு நூறாண்டுக்கு மேல் மூத்த ஒரு கல்வெட்டு மானூரில் இருக்கிறது. பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தது, கி.பி. 800-ஐ ஒட்டியது. மானநிலைநல்லூர் என்று அன்று வழங்கிய அவ்வூரின் மகாசபை, யார் சபையில் உட்காரலாம் என்று வகுத்ததோடு, ஒவ்வொரு காரியத்துக்கும் ‘அல்ல, அல்ல’ என்று தடை போடுவோருக்கும் அவருக்குத் துணை நிற்போருக்கும் ஐந்து காசு தண்டம் விதித்தது. இதை மாற்றுக்கருத்துக்கு எதிரான விதி என்று மட்டும் படித்தால் பாதிதான் படித்ததாகும். தடுத்துவிட முடியும் என்ற நிலையில் ஒருவர் இருந்ததால்தான் தண்டம் தேவைப்பட்டது. அவருடைய மறுப்புக்கு முடிவை நிறுத்தும் வலு இருந்தது. மறுபுறம், அந்தச் சபை நிலமும் வேதப் படிப்பும் உடைய பிராமணர்களின் சபை. உழுதவருக்கும் நெய்தவருக்கும் அங்கே இடமில்லை. பறையறைந்து சபை கூட்டுவது அந்த நாளைய வழக்கம். பறையை அறைந்தவர் கூட்டத்துக்குள் வந்திருக்க மாட்டார். அன்று பேச உரிமை பெற்றவர்கள் சிலர், ஆனால் முடிவுக்கு முன் பேசினார்கள். இன்று உரிமை எல்லாருக்கும், முடிவுக்குப் பின்.

பறை என்றதால் இன்னொன்று. ஊராட்சி அறிவிப்புகளுக்குத் தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிடும்படி 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். ஒலிபெருக்கி வைத்த வண்டிகளைப் பயன்படுத்தச் சொன்னார். ஒரு சாதியின் தலையில் சுமத்திய இழிவு நீங்கியது நியாயம். ஆனால் தறியை விட்டு எழாமலே செய்தி காதில் விழுந்தது என்ற ஒரு பயன் அந்தப் பழைய முறையில் இருந்தது. அந்த வேலையைப் பத்திரிகை அறிவிப்பு செய்யாது. செய்தி வீட்டுக்குள் போகவேண்டும், தமிழில் போகவேண்டும். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை ஒன்றிய அரசு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டு நாடு முழுவதும் கருத்துக் கேட்டபோது, எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் அதை மொழிபெயர்க்கும்படி தில்லி உயர்நீதிமன்றம் ஜூன் 30-இல் உத்தரவிட வேண்டியிருந்தது. புரியாத மொழியில் கேட்கப்படும் கருத்து கேட்கப்படாத கருத்துதான். சதுர அடியும் விழுக்காடும் உட்பிரிவு எண்ணுமாக எழுதப்படும் அரசாணைத் தமிழையும் இதே தராசில்தான் நிறுக்க வேண்டும்.

இங்கிலாந்து நீதிமன்றங்கள் 1985-ஆம் ஆண்டின் கன்னிங் வழக்கிலிருந்து நான்கு அளவுகோல்களைப் பின்பற்றுகின்றன. திட்டம் உருவாகும் கட்டத்திலேயே கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்லும் அளவுக்குக் காரணங்களைத் தர வேண்டும். போதிய காலம் விட வேண்டும். வந்த கருத்தை மனச்சாட்சியோடு எண்ணிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். 2014-இல் ஹாரிங்கே என்ற லண்டன் உள்ளாட்சியின் வரித் தள்ளுபடித் திட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோலில் நிறுத்தியது. மாற்று வழிகளைச் சொல்லாமல் ஒரே வழியை மட்டும் காட்டி மக்களைக் கேட்டது முறையான கலந்தாலோசனை ஆகாது என்றது. ஏழைகளின் வரிச் சுமை பற்றிய வழக்கு அது. நம் உச்ச நீதிமன்றமும் 2016-இல், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் அழைப்புத் துண்டிப்பு இழப்பீட்டு விதியை ரத்துச் செய்த தீர்ப்பில், விதி வகுக்கும் அமைப்புகள் கருத்துக் கேட்டு, காரணத்தோடு பதில் சொல்லும் நடைமுறையைச் சட்டமாக்கலாம் என்று நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை தொலைபேசி நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் வந்தது. பலன் பேரூராட்சிக் குடிமக்களுக்கும் சேர வேண்டும்.

கருத்துக் கேட்டால் காரியம் நடக்காது, ஊருக்கு நாலு பேர் எல்லாவற்றையும் தடுப்பார்கள் என்று நிர்வாகத்தில் இருப்போர் சொல்வதுண்டு. மானூர்ச் சபையின் கவலையும் அதுவே. நியாயமான கவலைதான். முடிவுக்குப் பிறகு கேட்டால் மக்களுக்கு மறுப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போகிறது என்பதையும் அவர்கள் எண்ண வேண்டும். முதலிலேயே கேட்டால் ‘வேண்டாம்’ என்பவர் ‘இப்படிச் செய்யலாம்’ என்று சொல்லத் தொடங்குவார். பத்து மடை என்பதுதான் பத்தமடை ஆயிற்று என்று ஊரார் பெயர்க்காரணம் சொல்வார்கள். மடைநீர்ப் பாசனத்தில் முறை வைப்பது தண்ணீர் வருவதற்கு முன் பேசி முடிக்கும் காரியம். வயல் காய்ந்த பிறகு எழுதும் மனுவால் நெல் விளையாது.

ஆகவே என் வேண்டுகோள் பேரூராட்சி மன்றங்களுக்கு. எந்த வரி, கட்டணம், துணை விதியின் வரைவும் மன்றத்தில் வைக்கப்படுவதற்கு முன் ஒவ்வொரு பகுதி சபையிலும் எளிய தமிழில் படிக்கப்பட வேண்டும். சபை கூடும் நேரம், நெய்யும் பெண்களும் வயல் வேலைக்குப் போவோரும் வரக்கூடிய நேரமாக இருக்க வேண்டும். எழுத்தில் வரும் மனுவைப் போலவே வாயால் சொன்னதையும் அலுவலர் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். ஏற்றது எது, ஏற்காதது எது, ஏன் என்று பேரூராட்சி அலுவலகப் பலகையில் எழுதி ஒட்ட வேண்டும். விழுக்காட்டை மன்றத்தால் மாற்ற முடியாதபோதும், தன் ஊரார் சொன்னதைத் தொகுத்து அரசுக்கு அனுப்ப முடியும். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை. மன்றத்தின் ஒரு தீர்மானம் போதும்.