காற்பந்து அரங்குகளில் வசைமொழியும் சிறுவர்களும்

காற்பந்து அரங்குகளில் வசைமொழி என்பது, காற்பந்தாட்டத்தைக் காண வரும் பார்வையாளர்கள் எதிரணியினர், நடுவர், சில வேளைகளில் தம் சொந்த அணியினர் ஆகியோரை நோக்கித் தனியாகவோ கூட்டாகவோ எழுப்பும் இழிசொற்களையும் முழக்கங்களையும் குறிக்கும். பெற்றோருடன் அரங்குக்கு வரும் சிறுவர்கள் இவற்றைக் கேட்பதும், நாளடைவில் தாமே திரும்பச் சொல்வதும் ஐரோப்பிய நாடுகளில் நெடுங்காலமாக விவாதிக்கப்படும் சிக்கலாகும். இதனைக் கட்டுப்படுத்தச் சட்டங்கள், கழக விதிகள், குடும்பங்களுக்கான தனி இருக்கைப் பகுதிகள் போன்ற வழிகள் கையாளப்பட்டு வருகின்றன. முரட்டு ரசிகர்களுக்குத் தடை விதித்து, அவர்களின் இடத்தில் சிறுவர்களை அமர்த்தும் முறையும் சில நாடுகளில் பின்பற்றப்பட்டுள்ளது. அவ்வாறான ஆட்டங்கள் சிலவற்றில் சிறுவர்களும் பெரியவர்களைப் போலவே நடந்துகொண்டமை இவ்விவாதத்திற்குப் புதிய கோணத்தை அளித்தது.

வகைகள்

அரங்குகளில் கேட்கும் இழிசொற்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. தனிநபர் ஏச்சு: நடுவரின் முடிவு, தவறிய வாய்ப்பு போன்றவற்றின்போது ஒருவர் கோபத்தில் உரக்கச் சொல்லும் சொற்கள்.
2. கூட்டு முழக்கம்: மெட்டும் தாளமும் கொண்டு ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் எழுப்புவது. இவற்றுள் பல, பரவலாக அறியப்பட்ட பாடல்களின் மெட்டில் அமைந்தவை.
3. பாகுபாட்டு முழக்கம்: இனம், நிறம், சமயம், பிறந்த ஊர், பாலியல் சார்பு ஆகியவற்றைக் குறிவைத்து எழுப்பப்படுவது. பெரும்பாலான நாடுகளில் இது முதலிரு வகைகளைவிடக் கடுமையாகத் தண்டிக்கப்படுகின்றது.

சிறுவர்கள் மிக எளிதில் கற்றுக்கொள்வது இரண்டாம் வகையாகும். எடுத்துக்காட்டாக, எதிரணியின் கோல் காப்பாளர் கோல் உதைக்காக ஓடி வரத் தொடங்கியதும் கூட்டம் நீண்ட ஓசை ஒன்றை எழுப்பிக்கொண்டே வந்து, அவர் பந்தை உதைக்கும் கணத்தில் இழிசொல் ஒன்றுடன் முடிக்கும் வழக்கம் பல நாடுகளில் உள்ளது. தொடங்க வேண்டிய நேரமும் முடிக்க வேண்டிய நேரமும் ஆட்டத்திலேயே அமைந்திருப்பதால், சொல்லின் பொருள் தெரியாத சிறுவரும் இதில் சேர்ந்துகொள்ள இயலும். ஓர் ஆட்டத்தில் பல முறை கோல் உதை வழங்கப்படுவதால் பயிற்சியும் தானாகவே கிடைத்துவிடுகின்றது.

பெரியவர்களின் செயலைப் பார்த்துச் சிறுவர்கள் அதனைப் பின்பற்றும் இயல்பு உளவியலில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. 1961 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இசுட்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூராவும் அவருடைய குழுவினரும் நடத்திய 'போபோ பொம்மை' ஆய்வு இவற்றுள் புகழ் பெற்றது. பெரியவர் ஒருவர் பொம்மையை அடித்துத் திட்டுவதைக் கண்ட சிறுவர்கள், பின்னர் அதே அடிகளையும் அதே சொற்களையும் பயன்படுத்தியதை அவ்வாய்வு பதிவு செய்தது.

இங்கிலாந்தில் வரலாறு

இங்கிலாந்தின் பழைய அரங்குகளில் பெரும்பகுதி நின்று பார்க்கும் படிமேடைகளாகவே இருந்தது. சில அரங்குகளில் சிறுவர்களுக்கெனக் குறைந்த கட்டணத்தில் தடுப்பு வேலியிட்ட தனிப்பகுதி இருந்தது. லிவர்பூல் கழகத்தின் ஆன்ஃபீல்டு அரங்கில் 'கொப்' மேடையின் மூலையில் அமைந்திருந்த 'பாய்ஸ் பென்' இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். பெரியவர்கள் எவரும் உடனில்லாத அப்பகுதி அமைதிக்குப் பெயர் பெற்றதன்று.

1970களிலும் 1980களிலும் ரசிகர் வன்முறை பெருகியதால் குடும்பங்கள் அரங்குகளுக்கு வருவது குறைந்தது. இக்காலத்தில் வாட்ஃபோர்டு கழகம், பயிற்றுநர் கிரகாம் டெய்லரின் காலத்தில், குடும்பங்களுக்கென ஒரு பகுதியை ஒதுக்கி முன்னோடியாக விளங்கியது. பின்னர் பிற கழகங்களும் இதனைப் பின்பற்றின.

1989 ஆம் ஆண்டு ஏப்ரலில் செஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் ஏற்பட்ட நெரிசலின் விளைவாக 97 பேர் உயிரிழந்தனர். இதனை ஆராய்ந்த நீதிபதி டெய்லரின் 1990 ஆம் ஆண்டு இறுதி அறிக்கையின் அடிப்படையில், உயர்நிலைக் கழகங்களின் அரங்குகள் முழுமையாக இருக்கைகள் கொண்டவையாக மாற்றப்பட்டன. இம்மாற்றம் பாதுகாப்பை உயர்த்தியது. ஆனால் வசைமொழியைப் பொறுத்தவரை இதற்கு மற்றொரு விளைவும் உண்டு. நின்று பார்த்த காலத்தில், அருகில் ஒருவர் கெட்ட சொற்களைப் பேசினால் சிறுவரை அழைத்துக்கொண்டு சில படிகள் தள்ளிச் சென்றுவிடலாம். எண்ணிட்ட இருக்கையில் அமர்பவர் ஆட்டம் முடியும்வரை, பருவச்சீட்டு வைத்திருந்தால் அப்பருவம் முழுவதும், அதே மனிதரின் அருகிலேயே அமர வேண்டியுள்ளது.

சட்டமும் விதிகளும்

இங்கிலாந்தில் 1991 ஆம் ஆண்டின் காற்பந்துக் குற்றங்கள் சட்டம் மூன்று செயல்களைக் குற்றமாக்கியது: பொருள்களை எறிதல், ஆபாசமான அல்லது இனவெறி கொண்ட முழக்கம் எழுப்புதல், ஆடுகளத்தினுள் நுழைதல். தொடக்கத்தில், ஒருவர் பிறருடன் சேர்ந்து எழுப்பினால் மட்டுமே அது முழக்கமாகக் கருதப்பட்டது. 1999 ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பிறகு தனியாக எழுப்புவதும் இதில் அடங்கும்.

1986 ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தின் 5 ஆம் பிரிவு, பிறருக்கு மனவுளைச்சல் ஏற்படும் வகையில் அவர்கள் காதில் விழுமாறு அச்சுறுத்தும் அல்லது ஏசும் சொற்களைப் பயன்படுத்துவதைக் குற்றமாக்குகின்றது. இப்பிரிவில் இருந்த 'அவமதிக்கும்' என்னும் சொல் பின்னர் நீக்கப்பட்டது. இந்நீக்கம் 2014 இல் நடைமுறைக்கு வந்தது.

நடைமுறையில் காவல்துறையைவிடக் கழகங்களின் அரங்க விதிகளே மிகுதியாகப் பயன்படுகின்றன. நுழைவுச்சீட்டு வாங்குபவர் இவ்விதிகளுக்கு உடன்பட்டவராகக் கருதப்படுகின்றார். இழிசொற்களைப் பயன்படுத்தினால் வெளியேற்றப்படலாம் என்பது இவ்விதிகளுள் ஒன்று. பல கழகங்கள் குறுஞ்செய்தி மூலம் முறையிடும் வசதியையும் அளிக்கின்றன. பக்கத்து இருக்கைக்காரருடன் சண்டையிடாமலே அரங்கப் பணியாளரை அழைக்க இது பெற்றோருக்கு உதவுகின்றது.

இசுக்கொட்லாந்தில் காற்பந்து ஆட்டங்களில் புண்படுத்தும் நடத்தைக்கு எதிரான தனிச்சட்டம் 2012 இல் நடைமுறைக்கு வந்தது. ரசிகர்களை மட்டும் தனித்துக் குறிவைப்பதாகக் கண்டனம் எழுந்ததால் 2018 இல் அது நீக்கப்பட்டது.

ஆட்டக்காரர்களைப் பொறுத்தவரை, ஆட்ட விதிகளின் 12 ஆம் விதிப்படி புண்படுத்தும், அவமதிக்கும் அல்லது ஏசும் மொழிக்குச் சிவப்பு அட்டை காட்டலாம். 2011 ஏப்ரல் 2 அன்று வெஸ்ட் ஹாம் அணிக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்த மான்செஸ்டர் யுனைட்டெட் ஆட்டக்காரர் வெய்ன் ரூனி, தொலைக்காட்சிப் படக்கருவியை நோக்கி இழிசொல் கூறினார். சனிக்கிழமை நண்பகலில் நேரலையாக ஒளிபரப்பான ஆட்டம் அது. இதற்காக இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் அவருக்கு இரண்டு ஆட்டங்கள் தடை விதித்தது.

சிறுவர்களால் நிரப்பப்பட்ட அரங்குகள்

ரசிகர்களின் தவறுக்குத் தண்டனையாக அரங்கை மூடி ஆட்டத்தை நடத்துவது காற்பந்தில் வழக்கமான நடைமுறையாகும். வெற்று அரங்கு எவருக்கும் பயன்படாது என்பதால், மூடப்பட்ட இருக்கைகளில் சிறுவர்களை அமர்த்தும் மாற்று வழி 2011 முதல் பல நாடுகளில் முயன்று பார்க்கப்பட்டது.

துருக்கி, 2011: சக்தார் தோனெத்ஸ்க் அணியுடனான நட்பு ஆட்டத்தில் ரசிகர்கள் களத்தினுள் புகுந்ததால் ஃபெனர்பாச்சே கழகத்திற்குத் தண்டனை விதிக்கப்பட்டது. வெற்று அரங்குக்கு மாற்றாகப் பெண்களையும் 12 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் கட்டணமின்றி அனுமதிக்கத் துருக்கிக் காற்பந்துக் கூட்டமைப்பு முடிவு செய்தது. செப்டம்பர் 20 அன்று இசுதான்புல்லில் மனிசாஸ்போர் அணியுடன் நடைபெற்ற ஆட்டத்திற்கு 41,000க்கும் மேற்பட்டோர் வந்தனர். ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்தது. ஆட்டக்காரர்கள் பார்வையாளர்களை நோக்கி மலர்களை வீசினர். இந்நிகழ்வு உலகெங்கும் பாராட்டப்பட்டது.

இத்தாலி, 2013: நவம்பரில் நடைபெற்ற ஆட்டத்தில் நாப்போலி நகரத்தாரை இழிவுபடுத்தும் முழக்கங்கள் எழுந்ததால் யுவென்டசு கழக அரங்கின் இரு கோல் முனைகளுக்குப் பின்னுள்ள பகுதிகளை மூட உத்தரவிடப்பட்டது. கழகம் இசைவு பெற்று அவ்விடங்களில் சுமார் 12,000 சிறுவர்களை அமர்த்தியது. டிசம்பர் 1 அன்று உதினேசே அணியுடன் ஆட்டம் நடைபெற்றது. உதினேசே கோல் காப்பாளர் செல்கோ பிர்கிச் பந்தை உதைத்தபோதெல்லாம் சிறுவர்கள், பெரியவர்களின் வழக்கப்படியே, நீண்ட ஓசையை எழுப்பி மலத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லுடன் முடித்தனர். இதற்காக யுவென்டசு கழகத்திற்கு 5,000 யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. நாப்போலிக்கு எதிரான முழக்கத்தின் தண்டனையைக் குறைக்க அழைக்கப்பட்டவர்களே புதிய தண்டத்திற்குக் காரணமானதால் இந்நிகழ்வு பரவலாகப் பேசப்பட்டது.

செக் குடியரசு, 2021: ஐரோப்பியக் காற்பந்துச் சங்கங்களின் ஒன்றியமான யூஃபா, இனவெறி நடத்தைக்காகப் பிராகு நகரின் இசுப்பார்த்தா அரங்கை மூட உத்தரவிட்டிருந்தது. செப்டம்பர் 30 அன்று இசுக்கொட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணியுடன் நடைபெற்ற ஆட்டத்தைக் காணச் சுமார் 10,000 பள்ளிச் சிறுவர்கள் வந்தனர். ரேஞ்சர்ஸ் அணியின் கறுப்பின ஆட்டக்காரரான கிளென் கமாரா பந்தைத் தொட்டபோதெல்லாம் அரங்கில் எதிர்ப்பு ஓசை எழுந்தது. அதே ஆண்டு மார்ச்சில் அந்நகரின் மற்றொரு கழகமான சிலாவியாவின் ஆட்டக்காரர் கமாராவை இனரீதியாக இழிவுபடுத்தியதற்காகத் தண்டிக்கப்பட்டிருந்தார். சிறுவர்களின் ஓசையில் இனவெறி இல்லை என இசுப்பார்த்தா கழகம் மறுத்தது. போதிய சான்று இல்லை எனக் கூறி யூஃபா மேல்நடவடிக்கை எடுக்கவில்லை.

அங்கேரி, 2022: ரசிகர்களின் பாகுபாடான நடத்தைக்காக அங்கேரி அணிக்கு மூடிய அரங்கில் ஆடும் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. 14 வயதுவரையுள்ள சிறுவர்களைப் பெரியவர்களின் துணையுடன் அனுமதிக்க யூஃபா விதிகளில் இடமிருந்தது. இதன்படி ஜூன் 4 அன்று புடாபெசுட்டில் நடைபெற்ற ஆட்டத்திற்கு 30,000க்கும் மேற்பட்டோர் வந்தனர். இங்கிலாந்து அணியினர் இனவெறி எதிர்ப்பின் அடையாளமாக முழந்தாளிட்டபோது அரங்கில் கூச்சல் எழுந்தது. இது முந்தைய தலைமுறையிடமிருந்து வழிவழியாகப் பெற்ற எண்ணம் என்னும் கருத்தை இங்கிலாந்துப் பயிற்றுநர் கரெத் சவுத்கேட் தெரிவித்தார்.

இந்நிகழ்வுகளை ஒன்றாகக் கருத இயலாது. துருக்கியில் புதிதாக வந்த கூட்டம் பெரும்பாலும் பெண்களையும் கொண்டிருந்தது. அங்கேரியில் துணைக்கு வந்த பெரியவர்களும் அரங்கில் இருந்தனர். எனினும் பெரியவர்களை வெளியேற்றுவதால் மட்டும் அரங்கின் பழக்கங்கள் வெளியேறிவிடுவதில்லை என்பதற்கு இத்தாலிய நிகழ்வு தெளிவான சான்றாக அமைகின்றது.

சிறுவர் ஆட்டங்களும் பெற்றோரும்

சிறுவர்களே ஆடும் உள்ளூர் ஆட்டங்களில் வசைமொழியின் முதன்மை ஊற்று களத்தின் ஓரத்தில் நிற்கும் பெற்றோரும் பயிற்றுநருமாவர். இங்கு இலக்காகும் நடுவர்கள் பலரும் தன்னார்வலர்கள். அவர்களுள் சிலர் பதின்ம வயதினர்.

இது எல்லை மீறிய கொடிய நிகழ்வு 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரெ நகரில் நடைபெற்றது. இளைஞர் ஆட்டம் ஒன்றின்பின் தாக்கப்பட்ட தன்னார்வக் கோட்டு நடுவர் மறுநாள் உயிரிழந்தார். அவருடைய மகனும் அவ்வணியில் ஆடியவர். இவ்வழக்கில் பதின்ம வயது ஆட்டக்காரர்கள் பலரும் அவர்களுள் ஒருவரின் தந்தையும் தண்டிக்கப்பட்டனர். அவ்வாரம் நெதர்லாந்தில் அமெச்சூர் ஆட்டங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன.

இதனைத் தடுக்கப் பின்வரும் முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டுள்ளன:

* அமைதி ஞாயிறு: 1999 இல் அமெரிக்காவின் வட ஒகையோ சிறுமியர் லீக் ஆட்டங்களில், ஒரு நாள் பெற்றோரும் பயிற்றுநரும் வாய் திறக்கக் கூடாது எனக் கேட்டுக்கொள்ளப்பட்டது.
* ஃபேர்பிளே லீகா: 2007 இல் செருமனியின் ஆகன் வட்டாரத்தில் தொடங்கியது. இதில் நடுவர் கிடையாது. சிறுவர்களே முடிவு செய்கின்றனர். பெற்றோர் களத்திலிருந்து சுமார் 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இரு அணிப் பயிற்றுநர்களும் ஒரே இடத்தில் நிற்பர்.
* ரெஸ்பெக்ட்: 2008 இல் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் தொடங்கிய திட்டம். பெற்றோரைக் கோட்டிலிருந்து விலக்கி நிறுத்தும் தடுப்புகள், நடத்தை நெறிகள், நடுவரிடம் அணித்தலைவர் மட்டுமே பேசுதல் ஆகியன இதன் கூறுகள்.
* உடற்படக்கருவி: 2023 இல் இங்கிலாந்தின் சில உள்ளூர் லீக்குகளில் நடுவர்கள் உடலில் படக்கருவி அணியும் சோதனை தொடங்கப்பட்டது.

துயர நிகழ்வு முழக்கங்கள்

1958 மியூனிக் வானூர்தி விபத்து, 1989 ஹில்ஸ்பரோ நெரிசல் ஆகியவற்றில் இறந்தோரை எள்ளும் முழக்கங்கள் இங்கிலாந்தில் தனிச் சிக்கலாகக் கருதப்படுகின்றன. இவற்றை எழுப்பும் இளையோர் பலர் அந்நிகழ்வுகளுக்குப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர்கள். இத்தகைய முழக்கங்கள் பொது ஒழுங்குக் குற்றமாகக் கருதப்படலாம் என 2023 இல் அரசு வழக்குத் தொடர் துறை தெளிவுபடுத்தியது. அதே காலத்தில், அந்நிகழ்வுகளில் என்ன நேர்ந்தது என்பதைச் சிறுவர்களுக்கு விளக்கும் பாடப்பொருள்களைப் பிரீமியர் லீக் வெளியிட்டது. தடையுடன் கற்பித்தலும் சேர்ந்த அணுகுமுறைக்கு இது எடுத்துக்காட்டாகும்.

விமர்சனங்கள்

* உரத்த குரலும் கேலியும் உழைக்கும் மக்களின் அரங்கப் பண்பாட்டின் பகுதி என்றும், அனைத்தையும் அடக்கினால் அரங்கு உயிரற்றுவிடும் என்றும் ரசிகர்களுள் ஒரு பகுதியினர் வாதிடுகின்றனர்.
* கோபத்தில் வரும் ஏச்சையும் பாகுபாட்டு முழக்கத்தையும் ஒரே அளவுகோலால் அளப்பது இரண்டாவதன் கொடுமையைக் குறைத்துக் காட்டும் என்பது மற்றொரு கருத்து.
* குடும்பப் பகுதியில் அமர்ந்தாலும் பல்லாயிரம் பேரின் முழக்கம் அரங்கு முழுவதும் கேட்கும் என்பதால், அப்பகுதி தனிநபர் ஏச்சிலிருந்து மட்டுமே பாதுகாப்பளிக்கின்றது.
* மௌன நாள்களில் வசையுடன் ஊக்கமொழியும் நின்றுவிடுகின்றது என்றும், அடுத்த வாரமே பழைய நிலை திரும்பிவிடுகின்றது என்றும் கூறப்படுகின்றது.
* சிறுவர்களின் முழக்கத்திற்காகக் கழகத்திற்குத் தண்டம் விதிப்பது, அதனை அவர்களுக்குக் கற்பித்த பெரியவர்களைச் சென்றடைவதில்லை.

இவற்றையும் பார்க்க

* காற்பந்தாட்டம்
* காற்பந்து ரசிகர் வன்முறை
* ஹில்ஸ்பரோ நெரிசல்
* ஆல்பர்ட் பண்டூரா
* விளையாட்டில் இனவெறி