உத்திரமேரூர்க் குடமும் ஜூரிப் பெட்டியும்

1948 நவம்பர் 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் கே. சந்தானம் கிராமப் பஞ்சாயத்து பற்றிய திருத்தத்தை முன்மொழிந்தார். பின்னாளில் 40ஆம் பிரிவானது அதுவே. ஆதரித்துப் பேசியவர்களுள் ஒருவரான த. பிரகாசம் சோழர் கால உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சான்றாக எடுத்துவைத்தார். ஓலையே வாக்குச் சீட்டு, குடமே வாக்குப் பெட்டி என்பது அவர் கொண்ட பொருள். அதே மாதத் தொடக்கத்தில்தான் அம்பேத்கர் கிராமத்தைக் கடுமையாகச் சாடியிருந்தார். அதற்கு மறுமொழியாக ஒரு கல் ஆவணம் கையில் கிடைத்தால் யார்தான் எடுக்கமாட்டார்கள்? பிரகாசத்தின் தேவை நியாயமானது. வாசிப்புத்தான் பிழை. அந்தப் பிழை இன்று பாடநூல்களிலும் மேடைகளிலும் வேரோடிவிட்டது. காஞ்சிபுரத்துக் கிராமங்களின் பெருமைப் பேச்சிலும் அதுவே ஒலிக்கிறது.

வாக்களிப்பில் பெட்டிக்குள் போவது வாக்காளரின் விருப்பம். உத்திரமேரூரின் குடவோலை முறையில் எவருடைய விருப்பமும் குடத்துக்குள் போவதில்லை. தகுதியுள்ள அனைவரின் பெயரும் போகிறது. ஒரு பெயர் வெளியே வருகிறது. இது தேர்தல் அன்று, திருவுளச்சீட்டு. உலக வழக்கில் இதற்கு இணை தேடினால் அமெரிக்க உரிமையியல் வழக்கின் ஜூரித் தேர்வே முதலில் நிற்கும். 1791இல் ஏற்கப்பட்ட ஏழாம் திருத்தம், 20 டாலருக்கு மேற்பட்ட பொதுச்சட்ட வழக்குகளில் ஜூரி விசாரணையை உரிமையாக்கியது. அங்கும் தகுதியுடையோர் பட்டியல் உண்டு; குலுக்கல் உண்டு; வழக்காடுவோருக்கு உறவினரென்றால் விலக்கும் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்பதல்ல என் வாதம். இரண்டும் ஒரே அச்சத்துக்குச் சொல்லப்பட்ட விடைகள்: ஆளைப் பொறுக்குபவனே தீர்ப்பையும் பொறுக்கிவிடுவான் என்ற அச்சம்.

சோழ மன்னன் முதற் பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளது. அதன் நடைமுறைப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். முப்பது குடும்புகளிலும் (ஊர்ப் பகுதிகளிலும்) பெயர் எழுதிய ஓலைகள் தனித்தனிக் கட்டுகளாகின்றன. பாலரும் முதியோரும் அடங்க மகாசபை கூடுகிறது. அன்று ஊரிலிருக்கும் நம்பிமார் (கோயில் பூசகர்) ஒருவர் விடாமல் அமர்த்தப்படுகின்றனர். அவர்களுள் மூத்தவர் எல்லோரும் காணக் குடத்தைத் தூக்கிப் பிடிக்கிறார். உள்ளே இருப்பதை அறியாத ஒரு பாலன் ஒரு கட்டை எடுக்க, அதை வேறொரு குடத்திலிட்டுக் குலைக்கின்றனர். அதிலிருந்து அவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் (ஊர் நடுவர்) கையில் கொடுக்கிறான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கி வாசிக்க வேண்டும். பிறகு நம்பிமார் அனைவரும் வாசிக்க வேண்டும்.

அந்த ஐந்து விரலில்தான் இருக்கிறது செய்தி. மூடிய கையில் இன்னொரு ஓலை ஒளிந்திருக்கலாம். அப்படி ஒளித்த கையை ஊர் ஒருமுறையாவது கண்டிருந்தாலன்றி இவ்வளவு நுட்பமான விதி கல்லில் ஏறியிருக்காது என்பது என் ஊகம்.

ஊகத்துக்கு வலு சேர்ப்பது முந்தைய கல்வெட்டு. 12ஆம் ஆட்சியாண்டின் அந்த ஏற்பாட்டில் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே ஆண்டில் அது 35 முதல் 70 ஆகிறது. முன்னதில் பதவி முடித்தவரின் நெருங்கிய உறவினருக்கு விலக்கு இருந்தது. பின்னதில் வாரியம் (ஊர்க் குழுப் பணி) செய்து கணக்குக் காட்டாதவர் விலக்கப்படுகிறார். அவரோடு தந்தை, மகன், மருமகன், உடன்பிறந்தாள் கணவன், அத்தை மக்கள், மாமன் மக்கள், சிற்றவை பேரவை மக்கள் எனப் பெயர் சொல்லி உறவுகளும் விலக்கப்படுகின்றன. ‘நெருங்கிய உறவு’ என்ற பொதுச்சொல் போதாமற்போன இடத்தில்தான் இப்படிப் பட்டியல் பிறக்கும். யாரோ ஒருவர் ‘மாமன் மகன் நெருங்கிய உறவா?’ என்று வாதாடியிருக்க வேண்டும். இந்த ஆண்டுகளை 919, 921 என்று எழுதுவது வழக்கம்; ஆட்சியாண்டைத் தொடங்கும் கணக்கைப் பொறுத்து இரண்டும் ஓராண்டு முன்னகரலாம். இடைவெளி மட்டும் மாறாது.

சான்று மெலிந்த இடம் ஒன்று உண்டு. அதைத்தான் நான் அழுத்தமாகப் பற்றுகிறேன். 360 நாள் முடிந்தபின் அடுத்த குடவோலைக்குச் சபையைக் கூட்டுபவர் யார்? பன்னிரண்டு சேரியிலும் தன்மகிருத்தியம் கடைகாணும் வாரியர் என்கிறது கல்வெட்டு. கல்வெட்டறிஞர் வெங்கையா இதை நீதி மேற்பார்வைக் குழு என்றே கொண்டார்; அது சரியென்றால் ஜூரி ஒப்புமை இன்னும் நெருங்கும். தன்மகிருத்தியத்துக்கு அறச்செயல் என்றும் பொருள் கொள்ளலாம். அப்படியானால் இது கோயில் தர்மங்களைப் பார்க்கும் குழு ஆகிவிடும். ஆனாலும் மத்தியஸ்தனைக் கொண்டே சபை கூட்டப்படுவதும், குற்றம் கண்ட வாரியனை அப்போதே விலக்கும் விதி பக்கத்திலேயே நிற்பதும் வெங்கையாவின் பக்கம் சாய வைக்கின்றன. முடிந்த முடிபு என்று சொல்லத் துணியமாட்டேன்.

ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. ஜூரி ஒரு வழக்கோடு கலைகிறது; வாரியம் ஓராண்டு ஏரியையும் தோட்டத்தையும் ஆள்கிறது. குடத்தில் ஏறியவை கால் வேலிக்கு மேல் இறைநிலம் (வரி செலுத்தும் நிலம்) உடைய, வேதம் கற்ற பிராமண ஆண்களின் பெயர்கள். வேதமும் பாடியமும் கூடுதலாகக் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும் என்பதே சலுகை. உழுதவர் பெயரும் பெண்கள் பெயரும் ஓலையில் இல்லை. வாக்குப்பெட்டி என்ற சொல் இந்த விலக்கை மறைத்துவிடுகிறது என்பதும் பிரகாசத்தின் வாசிப்பை நான் மறுக்க ஒரு காரணம்.

உத்திரமேரூர் நமக்கு விட்டுச்சென்ற அரசியல் சாசனக் கூறு குடமல்ல, கணக்கு விதி. 40ஆம் பிரிவில் கணக்கு என்ற பேச்சே இல்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் திருத்தத்தின் 243ஜே பிரிவு, பஞ்சாயத்துக் கணக்கையும் தணிக்கையையும் மாநிலச் சட்டத்தின் பொறுப்பில் விட்டது. கணக்குக் காட்டாதவரின் மாமன் மகனைத் தடுக்கும் விதி, நான் அறிந்தவரை, இன்று எந்தப் பஞ்சாயத்திலும் இல்லை.