கிழங்கின் பெயருக்குச் சட்டக் காவல், தோண்டிய கைகளுக்கு?

ஒரு விளைபொருளின் வரலாற்றைப் படிக்கும்போது முதலில் ஒரு கேள்வி கேளுங்கள் தோழர்களே: வேலை செய்தது யார்?

ஆங்கிலக் கால்வாயில், பிரான்ஸ் கரையருகே இருக்கிறது ஜெர்சி தீவு. பரப்பளவு சுமார் 118 சதுர கிலோமீட்டர்தான். அதன் புகழ்பெற்ற ஏற்றுமதி ‘ஜெர்சி ராயல்’. முற்றுவதற்கு முன்பே தோண்டப்படும், மெல்லிய தோலுள்ள புதுக்கிழங்கு. 1880 வாக்கில் ஹியூ டி லா ஹே என்ற விவசாயி, பல முளைக்கண்கள் கொண்ட பெரிய கிழங்கொன்றை வெட்டி நட்டார், அதிலிருந்து இந்த ரகம் கிடைத்தது என்று தீவின் வரலாறு சொல்கிறது. அவர் பெயர் நிலைத்துவிட்டது.

தெற்கு நோக்கிய செங்குத்தான சரிவுகளில் வெயில் நன்றாக விழும். கிழங்கும் சீக்கிரம் விளையும். மற்றவர்களுக்கு முன்பே இங்கிலாந்துச் சந்தைக்குப் போனால் நல்ல விலை. ஆனால் அந்தச் சரிவில் இயந்திரம் ஏறாது. கையால் நட வேண்டும், குனிந்து தோண்ட வேண்டும். கடற்பாசியைக் கரையிலிருந்து அள்ளி வந்து உரமாகப் போட வேண்டும்.

இந்த வேலைக்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பிரான்சின் பிரிட்டனி பகுதி ஏழைகள் ஆண்டுதோறும் கப்பலேறி வந்தார்கள். பலர் படுத்துறங்கியது பண்ணைக் கொட்டகைகளில். பின்னர் போர்ச்சுகலின் மதேரா தீவிலிருந்தும், போலந்து, ருமேனியாவிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தார்கள்.

1949இல் ஜெர்சி ஒரு வீட்டுவசதிச் சட்டம் கொண்டுவந்தது. அதன் கீழ் வளர்ந்த விதிகளின்படி, தீவில் பிறந்தவர்கள், நீண்டகாலம் வாழ்ந்தவர்கள் போன்ற தகுதியுள்ளோருக்கே வீடு வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் முழு உரிமை. பருவகாலத் தொழிலாளிக்கு முதலாளி தரும் இடமே கதி. வேலை போனால் படுக்கையும் போகும். அப்படிப்பட்டவர் கூலி உயர்வு கேட்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

1996இல் ஐரோப்பிய ஒன்றியம் ‘ஜெர்சி ராயல்’ பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு தந்தது, நம் ஊர் புவிசார் குறியீட்டைப் போல. அதே ரகத்தை வேறிடத்தில் விளைவித்தால் ‘இன்டர்நேஷனல் கிட்னி’ என்றுதான் விற்க வேண்டும். அந்த மண்ணுக்குத் தனிச்சிறப்பு உண்டு என்பதே இதற்கான நியாயம். அந்த மண்ணுக்கு உரமிட்டவர்களுக்கு அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கும் உரிமைகூட எளிதில் கிடைக்கவில்லை.

அடுத்த முறை ஒரு பொருளின் பெருமையைப் படிக்கும்போது, அதை விளைவித்தவர்கள் எங்கே தூங்கினார்கள் என்றும் தேடுங்கள்.