பயிற்சி மருத்துவர் (மலேசியா)

மலேசியாவில் மருத்துவப் பட்டம் பெற்றபின், முழுப் பதிவு கிடைக்கும்வரை மருத்துவமனையில் மேற்பார்வையின் கீழ்ப் பணிபுரிபவர் பயிற்சி மருத்துவர். பேச்சுவழக்கில் ஹவுஸ்மேன், சுருக்கமாக ஹெச்ஓ. பயிற்சியை முடித்தவர் மருத்துவ அதிகாரி, அதாவது எம்ஓ. அவர்களில் சிலர் முதுநிலைப் படிப்பிலோ அரச மருத்துவக் கழகங்களின் தேர்வு வழியிலோ நிபுணராகிறார்கள். தமிழ்நாட்டு ஹவுஸ் சர்ஜனுக்கும் மலேசிய ஹவுஸ்மேனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இந்தியாவில் அந்தப் பயிற்சி எம்.பி.பி.எஸ். படிப்புக்குள் அடங்கியது, பட்டம் அதன் பிறகே கையில் வரும். மலேசியாவில் பட்டம் முதலில், பயிற்சி பிறகு. அது சம்பளம் தரும் அரசுப் பணியும்கூட. இங்கு ஹவுஸ்மேன் ஒரே நேரத்தில் கற்பவர், வார்டின் வேலையையும் சுமப்பவர். இந்த இரட்டை நிலையிலிருந்தே அவருடைய நலன் குறித்த வாதங்கள் எல்லாம் பிறக்கின்றன.

தோட்டத்து டிரஸர்

பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட்டுக்குப் போகும் வழியில் இருக்கும் செமோர், ஈயச் சுரங்கங்களாலும் ரப்பர் தோட்டங்களாலும் வளர்ந்த ஊர். அந்தத் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழர்களுக்கு மருத்துவம் என்றால் டிரஸர்தான். தோட்ட முதலாளி தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று குடியேற்றக் காலத் தொழிலாளர் சட்டங்கள் விதித்தன. ஆனால் பட்டம் பெற்ற மருத்துவர் குறிப்பிட்ட நாளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். அன்றாடம் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், காய்ச்சல்காரருக்குக் கொய்னா கொடுப்பதும், பெரட்டுக்கு (காலை வருகைக் கணக்கெடுப்புக்கு) வர முடியாதவர் உண்மையிலேயே நோயாளியா என்று நிர்வாகத்துக்குச் சொல்வதும் டிரஸரின் பொறுப்பு. இவர்களில் பலர் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அல்லர். மூத்த டிரஸரிடம் பார்த்துப் பழகித் தொழில் கற்றவர்கள். 1965ஆம் ஆண்டின் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் அவர்களைப் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தது. வேலை செய்துகொண்டே கற்பது என்ற முறை பேராக்கில் பட்டதாரி மருத்துவருக்கு முன்பே டிரஸர் வடிவில் வேரூன்றியிருந்தது.

சிங்கப்பூர் முதல் கோலாலம்பூர் வரை

மலாயாவின் முறையான மருத்துவக் கல்வி சிங்கப்பூரில் தொடங்கியது. தான் ஜியாக் கிம் தலைமையில் சீன வணிகர்களும் பிறரும் பணம் திரட்டி அரசிடம் மனுக் கொடுத்ததன் பயனாக, 1905 ஜூலை 3 அன்று நீரிணைக் குடியேற்றங்களுக்கும் மலாய்க் கூட்டு மாநிலங்களுக்குமான அரசு மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. முதல் ஆண்டில் 23 மாணவர்கள் சேர்ந்தனர். பழைய பெண்கள் மனநோய் விடுதிக் கட்டடமே அவர்களுக்கு வகுப்பறை. 1910இல் ஏழு பேர் தேறி வெளியேறினர். 1916இல் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் அதன் தகுதியை ஏற்றது. 1921இல் அது ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரி ஆனது. 1949இல் ராஃபிள்ஸ் கல்லூரியுடன் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகமாக உருவெடுத்தது.

விடுதலைக்குப் பிறகு கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குத் தனி மருத்துவப் புலம் அமைந்தது. 1964இல் முதல் மாணவர்கள் சேர்ந்தனர். 1969இல் பட்டம் பெற்றனர். அதன் நிறுவன முதல்வர் டி. ஜே. தனராஜ். மலேசியாவின் மருத்துவக் கல்வி வளர்ந்த விதத்தைப் பற்றி 1988இல் நூலும் எழுதிய இவர், பல்கலைக்கழகத்துக்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். நோயாளியைக் கவனிப்பதும் மாணவருக்குக் கற்பிப்பதும் ஒரே கூரையின் கீழ், ஆசிரியர்களின் பொறுப்பில் நடக்க வேண்டும் என்ற கொள்கை அந்த மருத்துவமனையின் அடித்தளம். 1970களில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமும் அதை அடுத்து மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் மருத்துவப் புலங்களைத் தொடங்கின.

உள்நாட்டில் இடம் கிடைக்காத தமிழ் மாணவர்கள் பலர் மணிப்பால், பெங்களூர், சென்னை என்று இந்தியாவுக்குப் போனார்கள். மணிப்பாலுடன் இணைந்த மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரி 1997இலும், மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியின் கல்விக் கரமான எம்ஐஇடி கெடாவில் நிறுவிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் 2001இலும் வந்தபின் அந்தப் பயணம் ஓரளவு குறைந்தது. ஈப்போவில் பேராக் அரச மருத்துவக் கல்லூரியும் பின்னர் குவெஸ்ட் பன்னாட்டுப் பல்கலைக்கழகமும் எழுந்தன. இரண்டின் மாணவர்களும் நோயாளிப் படுக்கையருகே பாடம் கற்கும் இடம் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. பேராக்காரர்கள் இன்னமும் 'ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்கிறார்கள்.

சட்டம் வகுத்த பயிற்சி

பட்டம் பெற்றவர் மருத்துவமனையில் பணியாற்றிய பிறகே முழுப் பதிவு பெறலாம் என்பதைப் பிரிட்டன் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தில் வகுத்தது. மலாயாவும் அதே தடத்தில் நடந்தது. மலேசியாவின் மருத்துவச் சட்டம் 1971இல் வந்தபோது தற்காலிகப் பதிவு, ஹவுஸ்மேன் பயிற்சி, முழுப் பதிவு என்ற வரிசை உறுதிப்பட்டது. அதற்குப் பிறகு கட்டாய அரசுப் பணியும் உண்டு. அந்தக் காலத்தில் பயிற்சி ஓராண்டு. நான்கு மாதத்துக்கு ஒன்றாக மூன்று துறைகள்.

2008 ஜனவரியிலிருந்து அது ஈராண்டாக நீண்டது. பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், அறுவை, எலும்பு மருத்துவம், மகப்பேறு ஆகிய ஐந்தோடு அவசரச் சிகிச்சை அல்லது மயக்கவியல் என ஆறு துறைகள். அடுத்த ஆண்டுகளில் தனியார் கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பட்டதாரிகள் பெருகினார்கள். நாட்டின் மருத்துவக் கல்லூரிகள் முப்பதைத் தாண்டின. புதிய மருத்துவப் படிப்புகளுக்கு அரசு 2011 மே மாதத்திலிருந்து தடை விதித்தும், ஏற்கெனவே சேர்ந்தவர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். ஒரு காலத்தில் ஆளில்லாமல் தவித்த வார்டுகளில் ஹவுஸ்மேன்கள் நெருக்கியடித்தனர். ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நோயாளிகளும் செய்முறைகளும் குறைந்தன. பட்டம் வாங்கியபின் இடத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்கவும் நேர்ந்தது.

ஹவுஸ்மேனின் ஒரு நாள்

புதிய துறைக்கு வருபவர் முதலில் 'டேகிங்' என்ற காலத்தைக் கடக்க வேண்டும். ஏறத்தாழ இரண்டு வாரம், மூத்த ஹவுஸ்மேனின் நிழலாக நின்று வார்டின் நடைமுறையைப் பழக வேண்டும். அந்த நாள்கள் விடியலுக்கு முன்பே தொடங்கி இரவு வரை நீளும். தேறினால் 'ஆஃப் டேக்'. தேறாவிட்டால் டேகிங் தொடரும். அதன் பிறகு அன்றாடப் பாடு: நிபுணர் ரவுண்டு வருமுன் எல்லா நோயாளிகளையும் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும், இரத்தம் எடுக்க வேண்டும், இரத்த நாளம் எளிதில் கிடைக்காத முதியவர் கையில் பிரானூலா (நாளத்தில் செலுத்தும் ஊசிக்குழாய்) போட வேண்டும், ஸ்கேனுக்கு இடம் கேட்டு ஊடுகதிர்ப் பிரிவில் வாதாட வேண்டும், ஷிப்ட் முடியும்போது அடுத்தவரிடம் ஒவ்வொரு படுக்கையாகப் 'பாஸ் ஓவர்' செய்ய வேண்டும். செய்த செய்முறைகளைப் பதிவேட்டில் எழுதி மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்காவிட்டால் துறை முடிந்ததாகக் கணக்கில்லை. தேறாதவருக்கு நீட்டிப்பு. சக ஹவுஸ்மேன்கள் அடுத்த துறைக்குப் போய்விட, தான் மட்டும் அதே வார்டில் நிற்பது பலருக்குச் சம்பள இழப்பைவிடப் பெரிய அவமானம்.

ரவுண்டில் நோயாளியின் எதிரில் திட்டு வாங்குவதைப் பழைய தலைமுறை பயிற்சியின் ஒரு பகுதியாகவே கருதியது. "நாங்களும் அப்படித்தான் கற்றோம்" என்பது மூத்தவர்களின் வழக்கமான பதில்.

நேர முறையின் மாற்றங்கள்

நீண்ட பணி நேரம் மலேசியாவுக்கு மட்டும் உரியதல்ல. மருத்துவமனையிலேயே தங்கிக் கற்கும் முறையை ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வில்லியம் ஹால்ஸ்டெட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடிவமைத்தார். அதை எதிர்த்த முதல் பெரிய கேள்வி நியூயார்க்கில் எழுந்தது. 1984இல் லிபி சயன் என்ற 18 வயது மாணவி அங்கு மருத்துவமனையில் இறந்தபின், களைத்த பயிற்சி மருத்துவர்களின் கையில் நோயாளியை விடலாமா என்ற வழக்கு நடந்தது. நியூயார்க் மாநிலம் 1989இல் வாரத்துக்கு 80 மணி என்ற வரம்பை வைத்தது. 2003இல் அமெரிக்கா முழுவதற்கும் அது விரிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2009க்குள் பயிற்சி மருத்துவர்களுக்கும் 48 மணி வரம்பைக் கொண்டுவந்தது. இந்தியாவில் 1992ஆம் ஆண்டின் ரெசிடென்சி விதிகள் தாளில் மட்டுமே வாழ்கின்றன என்று ரெசிடென்ட் மருத்துவர் சங்கங்கள் சொல்லி வருகின்றன.

மலேசியாவில் ஹவுஸ்மேனுக்கு 'ஆன் கால்' முறைதான் நெடுங்காலம் இருந்தது: பகல் வேலை, இரவு முழுதும் பணி, மறுநாளும் வேலை, 30 மணி நேரத்துக்கு மேல் தொடர்ச்சி. 2011 செப்டம்பரில் அதற்குப் பதிலாக ஷிப்ட் முறை வந்தது. அதன் பெயர் ஃபிளெக்ஸி. ஆன் கால் படிக்கு ஈடாக மாதம் 600 ரிங்கிட் தனிப் படியும் தந்தார்கள். தொடர்ந்து விழித்திருக்கும் கொடுமை குறைந்தது. ஆனால் மாலையில் நோயாளியைச் சேர்த்தவர் மறுநாள் நோயின் போக்கைக் காண முடியாமல் போகிறது என்று நிபுணர்கள் குறைபட்டார்கள். மேலும், ஃபிளெக்ஸி ஹவுஸ்மேனோடு நின்றது. எம்ஓ-க்களின் ஆன் கால் பழையபடியே தொடர்ந்தது. ஹவுஸ்மேன் இறக்கிவைத்த சுமை, ஒரு படி மேலே இருந்தவரின் தோளில் ஏறியது.

ஒப்பந்த முறையும் ஹர்த்தாலும்

2016 டிசம்பரில், டாக்டர் ச. சுப்பிரமணியம் சுகாதார அமைச்சராக இருந்த காலத்தில், புதிய பட்டதாரிகளுக்கு நிரந்தரப் பதவிக்குப் பதிலாக ஒப்பந்த நியமனம் என்ற முறை நடைமுறைக்கு வந்தது. பதவிகளைவிடப் பட்டதாரிகள் பெருகிவிட்டதால், காத்திருப்பைக் குறைப்பதே இதன் நோக்கம் என்று கூறப்பட்டது. காத்திருப்பு குறைந்தது, நிச்சயமின்மை வளர்ந்தது. முழுச் சம்பளத்தோடு நிபுணர் படிப்புக்கு அனுப்பும் அரசு உதவித்தொகை, நிரந்தர ஊழியருக்குரிய விடுப்பு, வீட்டுக் கடன் வசதி ஆகியவை ஒப்பந்த மருத்துவருக்கு எட்டாக்கனி ஆயின. 2021 நடுவரை ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்கள் 23,000க்கும் மேல். நிரந்தரம் பெற்றவர்கள் 789 பேர்தான்.

கோவிட் வார்டுகளை அந்த ஆண்டு தாங்கியவர்களில் பெரும்பகுதி இந்த இளம் மருத்துவர்கள். ஜூலையில் கறுப்புடைப் பிரசாரம் நடந்தது. ஜூலை 26 காலை 11 மணிக்கு, நோயாளிகளின் பொறுப்பைச் சக மருத்துவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, பல மருத்துவமனைகளில் ஒப்பந்த மருத்துவர்கள் வெளிநடப்புச் செய்தனர். 'ஹர்த்தால் டாக்டர் கொன்த்ராக்' என்று அது பெயர் பெற்றது. அதற்குச் சில நாள் முன்பே அமைச்சரவை ஒப்பந்தக் காலத்தை நீட்டியது. பின்னர் நிரந்தரப் பதவிகளும் படிப்பு உதவிகளும் படிப்படியாகக் கூடின. இதற்கிடையே மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பட்டங்களை ஏற்கும் சிங்கப்பூர் பலரை இழுத்துக்கொண்டது.

நலன் என்ற பேச்சு

மலேசிய ஆய்வாளர்கள் மாணவப் பருவத்து மன அழுத்தத்தையும் அளக்கத் தொடங்கினார்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் முகமட் சைபுல் பஹ்ரி யூசோப் உருவாக்கிய மருத்துவ மாணவர் அழுத்தக் கேள்வித்தாள் 40 கேள்விகளைக் கொண்டது. படிப்பு, உறவு, கற்பித்தல் முறை, சமூகம், விருப்பம், குழு வேலை என ஆறு வகையாக அழுத்தத்தைப் பிரித்துப் பார்ப்பது. வெளிநாட்டு ஆய்வுகளும் இதைக் கையாண்டுள்ளன.

மருத்துவமனை அளவில் மாற்றத்துக்கு அடிகோலியது ஒரு மரணம். 2022 ஏப்ரலில் பினாங்கு மருத்துவமனையின் பயிற்சி மருத்துவர் ஒருவர் இறந்தது, பகடிவதை பற்றிய புகார்களைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. அன்றைய அமைச்சர் கைரி ஜமாலுடின், பணிக் கலாசாரத்தை ஆராயச் சுயேச்சைக் குழு ஒன்றை அமைத்தார். அது அதே ஆண்டு அறிக்கை அளித்தது. அதன் பிறகு பெயர் வெளியாகாமல் புகார் செய்யும் வழிகள் விரிந்தன. மலேசிய மருத்துவச் சங்கத்தில் ஹவுஸ்மேன், எம்ஓ, நிபுணர்களுக்கான ஸ்கோமோஸ் பிரிவு பணி நேரம், படி, இடமாற்றம் ஆகியவற்றை முன்வைத்து வாதாடி வருகிறது.

ஆயினும் உதவி தேடத் தயங்கும் மனம் எளிதில் மாறுவதில்லை. செமோருக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. 1911இல் திறந்த தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை, பின்னர் பஹாகியா மருத்துவமனை என்று பெயர் மாறியது; பஹாகியா என்றால் மகிழ்ச்சி. ஆனாலும் பேராக் தமிழர் பேச்சில் 'தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போகணும்' என்பது இன்னமும் கேலிச் சொல்தான். அந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்த பிள்ளையே ஒருநாள் ஹவுஸ்மேனாகிறார். தனக்கு மனநல ஆலோசனை தேவை என்று மேலதிகாரியிடம் சொல்ல அவர் துணிவது எப்படி?

மதிப்பீடு

நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் கல்லூரிகள் பெருகின, சட்டம் திருந்தியது, ஷிப்ட் வந்தது, புகார் வழி திறந்தது. எனினும் பெரும்பாலான சீர்திருத்தங்கள் ஒரு நெருக்கடிக்குப் பின்னால் வந்தவை. அந்த நெருக்கடியை மட்டும் தணித்து, சுமையை வேறொருவர் மீது நகர்த்தியவை. பயிற்சிக்காலத்தை நீட்டியது வார்டுகளின் நெரிசலைக் கூட்டியது. ஒப்பந்தம் நிச்சயமின்மையை வளர்த்தது. ஃபிளெக்ஸி எம்ஓ-வைத் தொடவில்லை. வார்டு நடக்க எத்தனை கைகள் தேவை என்ற கணக்கையும், ஒருவர் நல்ல மருத்துவராக எவ்வளவு கற்பித்தல் தேவை என்ற கணக்கையும் தனித்தனியே போட்டு, இரண்டுக்கும் தனித்தனியே பணம் ஒதுக்கும்வரை, பயிற்சி மருத்துவரின் நலன் சுற்றறிக்கையில் மட்டுமே நிலைக்கும்.