மைப்படி முதல் எண்மப்படம் வரை: தருமபுரிப் பகுதி நடுகற்களை முன்வைத்து அச்சுப்பட ஆயத்தம் குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

கல்வெட்டுப் படத்தை அச்சுக்கு ஆயத்தம் செய்வது பொதுவாக ஆய்வு முடிந்தபின் நிகழும் தொழில்நுட்ப வேலையாகக் கருதப்படுகிறது. பழைய சேலம் மாவட்டத்தில் எடுக்கப்பட்டு 1858இல் வெளிவந்த ஒளிப்படங்கள் தொடங்கி இன்றைய எண்மப்படம் வரையிலான மாற்றங்களைத் தருமபுரிப் பகுதி நடுகற்களோடு இணைத்து நோக்கும் இக்கட்டுரை, அந்த ஆயத்தம் பாடத்தின் நம்பகத்தன்மையையே தீர்மானிக்கிறது என நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நடுகல், மைப்படி, ஒளிப்படம், அச்சு, வட்டெழுத்து, தருமபுரி

முன்னுரை

1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டம், 2004இல் கிருஷ்ணகிரி பிரியும் வரை தகடூர்ப் பகுதி முழுவதையும் உள்ளடக்கியிருந்தது. பல்லவர், கங்கர், வாணர், நுளம்பர் ஆட்சிக்குட்பட்ட இப்பகுதியில் வட்டெழுத்துப் பொறித்த நடுகற்கள் மிகுதி. இவற்றுள் பல திறந்த வெளியில் வெயிலும் மழையும் படுபவை. பொறிப்பு தேயத் தேய, முன்பு அச்சான படமே அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கு மூலமாகிறது. எனவே அப்படம் எவ்வாறு ஆயத்தம் செய்யப்பட்டது என்னும் வினா தவிர்க்க இயலாததாகிறது.

இராயக்கோட்டையும் தஞ்சையும்: 1858

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக 1856இல் அமர்த்தப்பெற்ற லின்னேயஸ் டிரைப் தமிழகத்தில் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றுள் ஒன்று சேலம் மாவட்டத்து இராயக்கோட்டையையும் பிற இடங்களையும் காட்டுவது. இராயக்கோட்டை பின்னர் தருமபுரி மாவட்டத்தில் அடங்கி, இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. ஆகவே இப்பகுதியின் ஒளிப்பட வரலாறு அச்சுப்படத் தொகுதியோடு இணைந்தே தொடங்குகிறது எனலாம்.

அக்காலத்தில் எதிர்ப்படத்தைத் தாளோடு ஒட்டவைத்து வெயிலில் காட்டிப் படியெடுத்தனர். எதிர்ப்படத்தின் அளவே படத்தின் அளவு. டிரைப் தம் எதிர்ப்படங்கள் சிலவற்றில் வண்ணம் தீட்டி, வெறுமையாகப் பதிவான வானத்தில் மேகங்களைச் சேர்த்தார். அதே ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயில் விமான அடித்தளக் கல்வெட்டுகளை அவர் 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக இணைத்தார். இவ்விரு செயல்களும் அச்சு ஆயத்தத்தின் இரு போக்குகளைக் காட்டுகின்றன. முதலாவது, காட்சியை அழகுபடுத்தும் திருத்தம். இரண்டாவது, பொறிப்பின் தொடர்ச்சி சிதையாமல் காக்கும் அமைப்பு. இயற்கைக் காட்சியில் மேகம் தீட்டும் தூரிகை கல்வெட்டுப் படத்தில் இல்லாத எழுத்தைப் படைத்துவிடும். பின்வந்த கல்வெட்டியல் எதிர்கொண்ட சிக்கலின் வித்து இதுவே.

மைப்படியும் அச்சுத் தகடும்

1886இல் இ. ஹுல்ஷ் சென்னையில் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்றார். அவர் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890இல் வெளிவந்தது. நனைத்த தாளைக் கல்மேல் பரப்பித் தூரிகையால் அடித்துப் பள்ளங்களில் பதியச்செய்து, மைப்பந்தால் ஒற்றி எடுப்பது மைப்படி. கருமையான பரப்பில் எழுத்துகள் வெண்மையாகத் தோன்றும். எபிகிராபியா இண்டிகாவின் தகடுகள் பல, இலண்டனில் டபிள்யூ. கிரிக்ஸ் நிறுவனத்தின் ஒளிக்கல்லச்சு முறையில் உருவாயின. கண்ணால் பார்த்து வரையும் படியில் வரைபவரின் ஊகம் கலக்கும். மைப்படியை ஒளிப்படமெடுத்து அச்சேற்றும்போது அந்த இடையீடு குறையும்.

ஆயினும் நடுகல்லுக்கு மைப்படி மட்டும் போதாது. எழுத்து பள்ளமாகவும் வீரன், வில், வாள், ஆநிரை ஆகியவை புடைப்பாகவும் அமைந்த கல்லில், சிற்பத்தின் திரட்சியைத் தாள் முழுமையாக ஏற்பதில்லை. எழுத்துக்கு மைப்படி, உருவத்துக்கு ஒளிப்படம் என ஒரே கல்லுக்கு இருவகைப் படங்கள் வேண்டியிருந்தன. 1961இல் தோன்றிய தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை, இரா. நாகசாமியின் பொறுப்பில் செங்கம் நடுகற்கள் (1972), தருமபுரி கல்வெட்டுகள் (1975) ஆகியவற்றை வெளியிட்டது. நடுகற்கள் தனி ஆய்வுத்துறையாக வளர இவை அடிப்படை அமைத்தன.

அக்கால அச்சில் ஒளிப்படத்தின் சாம்பல் நிறச் சாயல்கள் புள்ளிகளாகப் பிரிக்கப்பட்டன. வலைக்கண் பெரிதாகவும் தாள் சொரசொரப்பாகவும் இருந்தால் மெல்லிய கீறல் அப்புள்ளிகளுக்குள் கரைந்துவிடும். அச்சான படத்தை மட்டும் கொண்டு பாடத்தைச் சரிபார்க்க முற்படுவோர், கல்லின் தேய்வையும் அச்சின் இழப்பையும் பிரித்தறிய இயலாத நிலை இதனால் ஏற்பட்டது.

எண்மப்படமும் கடை அச்சும்

எண்மப் படக்கருவியும் கைபேசியும் வந்தபின் ஆயத்தம் செய்யும் பொறுப்பு அச்சகத்திலிருந்து ஆய்வாளரின் கணினிக்கும் ஊரிலுள்ள ஸ்டூடியோவுக்கும் நகர்ந்தது. இங்கு மூன்று செய்திகள் கருதத்தக்கன.

முதலாவது சட்டக விகிதம். கைபேசிப் படம் பெரும்பாலும் 4:3 விகிதம் உடையது. கடைகளில் வழங்கும் 6×4 அங்குலத் தாள் 3:2 விகிதம் உடையது. தாளை நிறைக்குமாறு அச்சிட்டால் குறுகிய பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். நெடுக்காக எடுத்த நடுகல் படத்தில் அந்த இழப்பு இட வல ஓரங்களில் நேரும். 90 செ.மீ. அகலமுள்ள கல் சட்டகத்தை நிறைத்திருந்தால் இருபுறமும் 5 செ.மீ. மறையும். வரிகளின் முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் இருக்கும் இடம் அது. மன்னன் பெயரும் ஆட்சியாண்டும் வரி மடங்கும் இடத்தில் அமைந்தால், காலக்கணிப்புக்குரிய சான்றே தாளிலிருந்து நீங்கும். விளிம்பில் வெள்ளை இடம்விட்டு முழுப்படத்தையும் அச்சிடக் கோருவதே இதற்கு வழி.

இரண்டாவது நுண்மை. 4000×3000 படப்புள்ளிகள் கொண்ட நெடும்படத்தில் மேற்கூறிய கல்லின் 5 மி.மீ. கீறல் சுமார் 17 புள்ளிகளைப் பெறும். செய்திச் செயலி வழியே அனுப்பும்போது நீண்ட பக்கம் 1600 புள்ளிகளாகச் சுருங்கினால் அக்கீறலுக்கு எஞ்சுவது ஏறத்தாழ 7 புள்ளிகளே. பின்னர் மென்பொருளால் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் எனப் பெருக்கினாலும் இழந்த விவரம் மீளாது. இதழில் 3 அங்குல அகலத்தில் முழுக்கல்லையும் அச்சிட்டால் அதே கீறலுக்கு 5 புள்ளிகளே கிடைக்கும். ஆகவே கல்லின் முழுத்தோற்றம் ஒன்றும் எழுத்துப்பகுதியின் அண்மைப்படம் ஒன்றும் தனித்தனியே அச்சாதல் வேண்டும்.

மூன்றாவது தன்னியக்கத் திருத்தம். கடை அச்சுப்பொறியும் வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறியும் மனித முகத்துக்கும் திருமணக் காட்சிக்கும் ஏற்ப ஒளியையும் கூர்மையையும் தாமே மாற்றும் வசதி உடையவை. கல்லின் கருமை வெளுக்கப்படும்போது சாய்வொளி தந்த நிழல் குறையும். மிகைக்கூர்மை எழுத்தின் ஓரத்தில் வெண்கோடொன்றை இணையாக உண்டாக்கும். வளைவின் சிறு வேறுபாட்டால் சில எழுத்துகள் பிரித்தறியப்படும் வட்டெழுத்தில் அப்போலிக்கோடு பாடவேறுபாடாக மாறக்கூடும். ஒரு வீரன் ஆநிரை கவர்ந்து இறந்தானா, மீட்டு இறந்தானா என்பது ஒரு வினைச்சொல்லின் வாசிப்பைச் சார்ந்தது என்பதை நினைத்தால் இதன் விளைவு புலப்படும். கடையில் தன்னியக்கத் திருத்தத்தை நிறுத்தச் சொல்வதும், எஸ்ஆர்ஜிபி வண்ணவெளியில் கோப்பைக் கொடுப்பதும், முதலில் ஒரு மாதிரிப்படியை எடுத்து மூலத்தோடு ஒப்பிடுவதும் எளிய காப்புகள்.

ஒளியின் திசையும் கருதத்தக்கது. மேலிருந்து ஒளி விழுவதாகக் கண் கொள்வதால், பக்க அமைப்புக்காகப் படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் பள்ளமான எழுத்து புடைப்பாகத் தோன்றும். 2001இல் டாம் மால்ஸ்பெண்டர் குழுவினர் அறிமுகப்படுத்திய, பல திசை ஒளியில் எடுத்த படங்களை ஒருங்கிணைக்கும் முறை திரையில் இச்சிக்கலைப் பெருமளவு தீர்க்கிறது. அச்சுக்கோ ஒரு திசையைத் தேர்ந்தாக வேண்டும். அத்தேர்வு படக்குறிப்பில் பதிவாதல் நன்று.

முடிவுரை

எதிர்ப்படத்தில் தீட்டிய மேகம், வலைக்கண்ணில் கரைந்த கீறல், கடைத்தாளில் வெட்டுண்ட விளிம்பு ஆகிய மூன்றும் ஒரே சிக்கலின் காலந்தோறுமான வடிவங்கள். ஒவ்வொரு காலத்திலும் அச்சுக்கு ஆயத்தம் செய்தவர் கல்வெட்டின் பாடத்தில் தலையிட்டுள்ளார். பெரும்பாலும் அத்தலையீடு பதிவாகவில்லை. ஆகவே நடுகல் படத்தை வெளியிடுவோர் அளவுகோலுடன் எடுத்த மூலக்கோப்பைத் திருத்தாமல் காப்பதும், அச்சுக்குரிய படியைத் தனியே உருவாக்குவதும், வெட்டுதல், ஒளிமாற்றம், கூர்மையாக்கம் ஆகியவற்றைப் படக்குறிப்பில் சுட்டுவதும் ஆய்வு நெறியாகக் கொள்ளத்தக்கன. கல் தேய்ந்தபின் அதன் பாடத்தை ஐயுறும் ஆய்வாளர் சரிபார்ப்பதற்கு அப்பதிவே துணையாகும்.