ஞாயிற்றுக்கிழமை மாணவரும் வக்காலத்து கொடுத்தவரும்: கல்கத்தாவில் பழக்கம் வேர்விட்ட இரு வழிகள்

1. கேள்வி

மாற விரும்புகிறவன் சிறிதாகத் தொடங்க வேண்டும் என்று சுயமுன்னேற்ற நூல்கள் ஓயாமல் ஓதுகின்றன. எவ்வளவு சிறிது, யாருக்குச் சிறிது என்று அவை கேட்பது அரிது. 1882-க்கும் 1886-க்கும் இடையே ராமகிருஷ்ண பரமஹம்சரிடம் பழகிய இருவரின் வாழ்க்கையை வைத்து இதை ஆராயலாம். ஒருவர் மகேந்திரநாத் குப்தர் (1854–1932), 'ம' என்ற ஒற்றை எழுத்துக்குள் தம்மை ஒளித்துக்கொண்ட பள்ளித் தலைமையாசிரியர். மற்றவர் கிரீஷ் சந்திர கோஷ் (1844–1912), வங்க நாடக மேடையின் தந்தை எனப்படுபவர். சான்றுகள் பெரும்பாலும் பக்தர்கள் எழுதி வைத்தவை. ஆகவே அற்புதங்களை ஒதுக்கிவிட்டு, அன்றாட நடைமுறை பற்றிய செய்திகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

2. நாட்குறிப்பு எழுதியவர்

கூட்டுக் குடும்பச் சண்டையில் மனம் நொந்து, உயிரை விடும் எண்ணத்தோடு வீட்டை விட்டுக் கிளம்பிய மகேந்திரநாதர், பராநகரில் சகோதரி வீட்டில் தங்கியிருந்தபோதுதான் பக்கத்தில் ராமகிருஷ்ணர் இருந்த தட்சிணேசுவரத்துக்குப் போனார். அது 1882 பிப்ரவரி. அவர் துறவியாகவில்லை. மனைவி, மக்கள், வித்யாசாகரின் மெட்ரோபாலிட்டன் பள்ளியில் வேலை எல்லாம் அப்படியே இருந்தன. குடும்பத்தில் இருந்துகொண்டே எப்படி வாழ்வது என்று அவர் கேட்டதற்கு ராமகிருஷ்ணர் சொன்ன வழியும் எளியது: கடமைகளைச் செய், அவ்வப்போது தனிமையில் இரு, இளஞ்செடிக்கு ஆடுமாடு மேயாதபடி வேலி வேண்டும், மரமான பிறகு யானையையே அதில் கட்டலாம்.

மகேந்திரநாதருக்கு அந்த வேலி இரண்டு பழக்கங்களால் ஆனது. ஒன்று, பெரும்பாலும் ஞாயிறுகளிலும் விடுமுறைகளிலும் போய்வருவது. மற்றது, திரும்பியதும் கேட்டதைச் சுருக்கமாகக் குறித்து வைப்பது. இரண்டாவது புதிதாகத் தொடங்கியதன்று. பள்ளி மாணவனாக இருந்தபோதே, 1867 முதல், அவர் நாட்குறிப்பு எழுதிவந்தார். பழைய பழக்கத்தின் முதுகில் புதியது ஏறிக்கொண்டது. பிற்காலத்தில் அந்தக் குறிப்புகளை எடுத்து வைத்து, ஒவ்வொரு காட்சியையும் மனத்தில் நிறுத்தி விரித்து எழுதியதே 'கதாமிருதம்'. முதல் பகுதி 1902-இல் வெளிவந்தது. ஐந்தாவது, அவர் மறைந்த 1932-இல். மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தின் மொழிபெயர்ப்பில் தமிழ் வாசகர்களும் அறிந்த நூல் இது.

அந்த ஞாயிறு எங்கிருந்து வந்தது? அது பஞ்சாங்கம் தந்த நாளன்று. அலுவலகமும் பள்ளியும் தந்த விடுமுறை. சம்பள உத்தியோகமும் கடிகார நேரமும் கல்கத்தாவின் நடுத்தர வகுப்பினரை எப்படி நெருக்கின, ராமகிருஷ்ணரிடம் அவர்கள் ஏன் வந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் சுமித் சர்க்கார் 1992-இல் விரிவாக எழுதினார். அதே கடிகாரம்தான் மகேந்திரநாதரின் பழக்கத்துக்குக் கால் ஊன்ற இடமும் கொடுத்தது என்பது என் வாசிப்பு.

சிறு பழக்கம் சிறிதாகவே இருந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். ராமகிருஷ்ணர் நோயுற்றபின் அவரைப் பார்க்கப் போவது கூடியது. பள்ளியின் தேர்வு முடிவுகள் சரிந்தன. வித்யாசாகர் அதைச் சுட்டிப் பேச, மகேந்திரநாதர் வேலையை விட்டார்.

3. இரண்டு வேளை கூட முடியாதவர்

கிரீஷின் கதை வேறு. குடியும் கோபமும் இரவு மேடையுமாக வாழ்ந்தவர். 1884 செப்டம்பர் 21 அன்று ஸ்டார் தியேட்டரில் அவருடைய 'சைதன்ய லீலா'வைப் பார்க்க ராமகிருஷ்ணர் வந்தார். பின்பு ஒருநாள், நான் என்ன செய்ய வேண்டும் என்று கிரீஷ் கேட்டபோது, காலையும் மாலையும் இறைவனை நினை என்றார் ராமகிருஷ்ணர். கிரீஷ் பேசாமல் நின்றார். என்றைக்கு எப்போது எழுவோம், எங்கே இருப்போம் என்று தெரியாதவர் எப்படி வாக்குக் கொடுப்பார்? சரி, சாப்பிடும்முன், படுக்கும்முன்? அதற்கும் மௌனம். கடைசியில், அப்படியானால் எனக்கு வக்காலத்து கொடுத்துவிடு என்றார் குரு. ராமகிருஷ்ணரின் சீடர் சாரதானந்தர் எழுதிய குருவின் வாழ்க்கை வரலாற்றில் இச்செய்தி இருக்கிறது.

கிரீஷுக்கு நிம்மதி. பொறுப்பெல்லாம் குருவின் தலையில்! ஆனால் சில நாளில் ஏதோ ஒரு அற்ப விஷயத்தில் 'இதை நான் செய்வேன்' என்று அவர் சொன்னதும் ராமகிருஷ்ணர் தடுத்தார்: வக்காலத்து கொடுத்த பின் 'நான்' என்று சொல்ல உனக்கு ஏது உரிமை? வேளை வைத்துச் செய்யும் ஜபத்துக்கு ஒரு முடிவுண்டு. இதற்கு முடிவே இல்லை, ஒவ்வொரு மூச்சிலும் கவனிக்க வேண்டியிருக்கிறது என்று கிரீஷ் பிற்காலத்தில் சொல்லிவந்தார். குடியை விடு என்ற கட்டளை மட்டும் குருவிடமிருந்து வரவில்லை.

4. இன்றைய ஆய்வுகளுக்கு அருகே வைத்தால்

வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட உளவியல் நூலில், புதுப் பழக்கம் வேர்விடும்வரை ஒருமுறை கூடத் தவறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்து வெளியிட்ட ஆய்வு இதைத் தளர்த்தியது: ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய நஷ்டமில்லை. பங்கேற்றவர்கள் தங்கள் செயலை ஏற்கனவே நடக்கும் ஒன்றோடு, காலை உணவுக்குப் பின் என்பதுபோல, முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். செயல் தானாக வர 66 நாள் என்று பலரும் மேற்கோள் காட்டும் எண் இங்கிருந்து வந்தது. ஆனால் வீச்சு 18 முதல் 254 நாள் வரை. 254 என்பது 84 நாள் பதிவிலிருந்து கணக்கிட்டு எட்டிய மதிப்பு என்பதைப் பலர் சொல்வதில்லை.

மகேந்திரநாதர் இந்த ஆய்வுக்குள் வசதியாக அடங்குவார்: நிலையான நாள், பழைய பழக்கத்தோடு முடிச்சு, இடையில் விட்டுப்போன வாரங்கள். கிரீஷ் அடங்கமாட்டார். முடிச்சுப் போட அவர் வாழ்க்கையில் நிலையான காலை உணவே இல்லை. இரண்டு வேளை நினைப்பு என்பது தலைமையாசிரியருக்குச் சிறிது, நாடகக்காரருக்கு மலை. ஆகவே செயலின் அளவைச் செயலில் தேடுவது பிழை. செய்பவரின் நாள் எப்படி அமைந்திருக்கிறது என்பதில்தான் அது இருக்கிறது. நேரம் கைகொடுக்காத இடத்தில் ஒரு மனிதருக்குப் பதில்சொல்லும் கடமை கைகொடுத்தது. கால்சென்டரிலும் மருத்துவமனையிலும் மாறிமாறி வரும் ஷிப்டில் வேலை பார்ப்பவர்களுக்கு விடிகாலைப் பழக்கங்களைப் பரிந்துரைக்கும் நூல்கள், மகேந்திரநாதர்களுக்காக மட்டுமே எழுதப்படுகின்றன.